ஒரு கதைக்கு ஒரு டூப்பு

எலந்தவடையின் வாசனை தனியாக வராது. புளிப்பு முதலில் வந்து நாக்கைத் தட்டி எழுப்பும். பின்னாலேயே வெல்லமும் மிளகாயும் பெருங்காயமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஏறும், ராயபுரத்தில் பஸ் பிடிக்கிற கூட்டம் மாதிரி. போன வாரம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் மலை மலையாக நின்றுவிட, நானும் என் ஸ்கூட்டரும் ஒரு பெட்டிக்கடை ஓரமாக ஒதுங்கினோம். டீசல் புகை. காலி மீன்கூடையின் கவிச்சி. எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று கொண்டுவந்த ஏதோ ஒரு மருந்து நெடி. இத்தனைக்கும் நடுவில் பக்கத்தில் நின்ற பெண் தன் மகளுக்கு இலந்தைப்பழத்தை இடித்துத் தட்டிய அந்த வடைப் பொட்டலம் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள். அவ்வளவுதான். என் காதுக்குள் ஒரு வகுப்பறை முழுக்கக் கத்தியது:

“டூப்பு டீச்சர்!”

அந்த டீச்சருக்குக் கட்டையான உருவம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, ரப்பர் செருப்பு, தோளில் கறுப்புக் கைப்பை. பையில் இரண்டு அறைகள். ஒன்றில் ஜெபமாலை, இன்னொன்றில் எலந்தவடை. நடுவில் இருந்த தையல் எப்போதோ விட்டுப்போயிருந்ததால், அவர் ஜெபமாலையை எடுத்தால் பெருங்காயம் மணக்கும்.

ராயபுரத்தில் ஒரு கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் இருந்த கிறிஸ்தவத் தொடக்கப்பள்ளி அது. நான் அங்கே சில வருடம் பகுதிநேர ஓவிய ஆசிரியன். அவர் நான்காம் வகுப்பு டீச்சர், மறைக்கல்வி என்கிற வேதபாடமும் அவரே. வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கிறிஸ்தவப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு அவரிடம் போவார்கள். மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கு என்னிடம் வருவார்கள். படம் வரையத் தெரிந்தவனுக்கு நன்னெறியும் தெரிந்திருக்கும் என்று பள்ளி எப்படி முடிவு செய்ததோ. இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அதன் கீழ்மூலையை எலி கடித்ததா, பிள்ளைகள் குடைந்தார்களா தெரியாது. ஒரு கை நுழையும் அளவு ஓட்டை.

நான் இந்தப் பக்கம் கரும்பலகையில் ‘பொய் பேசக் கூடாது’ என்று அழகாக எழுதிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் அவர் பொய் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர் முறை அப்படி. ஒரு பைபிள் கதை, அதற்குள் ஒரே ஒரு டூப்பு. எங்கே வைத்திருக்கிறார் என்று தெரியாது. கண்டுபிடித்துக் கத்துகிற பிள்ளைக்கு எலந்தவடை.

“மழன்னா மழ, அப்டி ஒரு மழ. நோவா கப்பல்ல எல்லாத்தையும் ஜோடி ஜோடியா ஏத்தறாரு. ஆன ரெண்டு, குதர ரெண்டு, நாயி ரெண்டு, வவ்வா மீனு ரெண்டு, கோழி ரெண்டு…”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இந்தப் பக்கம், என் நன்னெறி வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் தடுப்பைத் தாண்டிப் பறந்தது.

“டூப்பு டீச்சர்! மீனுக்கு இன்னாத்துக்குக் கப்பலு? அது பாட்டுக்கு நீந்திக்காது?”

யாழினி. காசிமேட்டுப் பெண். அவள் அப்பா லாஞ்சியில் கடலுக்குப் போகிறவர். வீட்டுச் சுவரில் முருகன் காலண்டர், மனசுக்குள் மீன் கணக்கு. மீன் விஷயத்தில் அவளிடம் யாரும் எதையும் விற்க முடியாது. சற்று நேரத்தில் ஓட்டை வழியாக ஒரு கை வந்தது. கண்ணாடி வளையல், விரல் நுனியில் சாக்பீஸ் தூள், நடுவில் எலந்தவடை.

அன்றிலிருந்து என் வகுப்பு மொத்தமும் தடுப்புப் பக்கம் சாய்ந்து உட்கார ஆரம்பித்தது. நானும்தான்.

யாழினியின் அம்மா ஒருநாள் வந்தார். ஏன் மறைக்கல்வி கேட்க வைக்கிறீர்கள் என்று சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பயந்து, டீச்சரை நான் முன்னால் தள்ளினேன். அந்த அம்மா கேட்டது வேறு. “டீச்சர், இந்த யோனா மீனு வவுத்துல குந்திக்கினு டீ குட்சாருன்னியாமே. இது வூட்டாண்ட வந்து எனக்குச் சொல்லி, டூப்பு எதுன்னு கேக்குது. டீ தான? எனக்கு வடை இல்லியா?” டீச்சர் பைக்குள் கைவிட்டார்.

வகுப்பில் மட்டும் என்றால் பரவாயில்லை. அவருக்குப் பேச்சிலேயே உப்பு மாதிரி ஒரு சிட்டிகை டூப்பு வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். கப்பலில் கேப்டன் என்றார். நான் மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார் என்று பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. போய்க் கேட்டால், “இன்னா வாத்யாரே, ரெண்டுமே ஒசரத்துல குந்திக்கினு கடல பாக்கற வேல தான? நீ அப்பவே கத்தியிருந்தா ஒரு வடை கெட்ச்சிருக்கும்” என்றார்.

அவரோடு வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு வடைகூட நான் ஜெயித்ததில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் எல்லாம் நிஜமாகத் தெரியும். குரலை மட்டும் கேட்டால் எல்லாம் டூப்பாகத் தெரியும். பிள்ளைகளுக்கு மட்டும் எப்படியோ பிடிபட்டது.

“ஏன் டீச்சர், நேராகவே சொன்னால் என்ன?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நேரா சொன்னா தூங்குதுங்க வாத்யாரே. உள்ள ஒரு டூப்பு கீதுன்னு சொல்லு, காது கண்ணு மூக்கு எல்லாத்தையும் தொறந்து வெச்சிக்கினு குந்தும். அந்த ஒண்ணத் தேடற சாக்குல மிச்சம் எல்லாம் உள்ள பூந்துக்கும்.”

கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. பள்ளியின் பாதுகாவலரான புனிதரின் திருவிழா வரும்வரை.

அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் கோயிலுக்கு வரவேண்டும். கிறிஸ்தவர், மற்றவர் என்ற பிரிவு கிடையாது. பூசை முடிந்ததும் பன்னும் பாலும் உண்டு என்பதால் ஒருவரும் லீவு போடமாட்டார்கள். பள்ளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெரிய சாமியார் வந்திருந்தார். உயரமானவர், இஸ்திரி கலையாத அங்கி, இஸ்திரி கலையாத தமிழ். பிரசங்கத்துக்கு ஊதாரி மகன் கதையை எடுத்துக்கொண்டார். இளைய மகன் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போகிறான். ஊதாரித்தனமாகச் செலவழிக்கிறான். பன்றி மேய்க்கிறான். பன்றி தின்கிற நெற்றுக்கு ஏங்குகிறான். புத்தி தெளிந்து திரும்பி வருகிறான்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தக் கதையை டீச்சரிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். அவர் பன்றியை எருமையாக்கி வைத்திருந்தார், அதைப் பிடித்து வடையும் தின்றாகிவிட்டது. யாழினி மட்டும் அந்த வெள்ளிக்கிழமை வரவில்லை. அவள் முதல் வரிசையில், கன்னத்தில் கை வைத்து, பெரிய சாமியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பக்தி என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எனக்குத் தெரியும், அவள் டூப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். கதை என்றால் உள்ளே ஒன்று இருந்தே ஆகவேண்டும்.

“தொலைவில் மகன் வருவதைத் தந்தை கண்டார். பரிவு கொண்டார். ஓடிச் சென்று அவனைக் கட்டித் தழுவி முத்தமிட்டார்!”

“டூப்பு!”

கோயில் தூண்கள் அந்தச் சொல்லை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, பீடம் வரை கொண்டுபோய்க் கொடுத்தன.

பெரிய சாமியார் மைக்கை ஒரு தட்டு தட்டினார். மைக்கில் கோளாறு என்று நினைத்தாரோ என்னவோ. “யாரம்மா? என்ன சொன்னாய்?”

யாழினி எழுந்து நின்றாள். பிடித்தவள் எழுந்து நின்று விளக்க வேண்டும் என்பது டீச்சர் வகுப்பின் சட்டம்.

“கட்டிப் புட்ச்சது டூப்பு சாமி. வூட்ட வுட்டுப் பூட்டு திரும்பி வந்தா எந்த அப்பா ஓடிப்போயி முத்தம் குடுக்கும்? தொடப்பக்கட்ட பிஞ்சிரும்.”

பின்வரிசையில் நின்ற காசிமேட்டு அம்மாக்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். நான் மேல்கூரைச் சிற்பங்களை ஆராய ஆரம்பித்தேன். யாழினி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். பெரிய சாமியாரிடம் கையை நீட்டினாள்.

“வடை?”

பெரிய சாமியார் சிரிக்கவில்லை. பூசை முடிந்து பன் கொடுக்கும்போது தலைமையாசிரியை சிஸ்டரிடம் அவர் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. “நற்செய்தியைப் பொய் என்று கத்தப் பழக்கியிருக்கிறீர்கள். யார் இங்கே மறைக்கல்வி எடுப்பது?”

டீச்சர் பன் கூடையோடு ஒரு அடி முன்னால் வந்தார். “நான் தான் சாமி.” இந்த ஒன்றில் மட்டும் டூப்பு வைக்கவில்லை. வைத்திருந்தால் அந்த வகுப்பு அவர் கையில் இருந்திருக்குமோ என்னவோ.

சிஸ்டர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் ஊர்த் தமிழ் மேலே வந்துவிடும். மறுநாள் அறைக்குக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது.

“என்ன டீச்சர் இது? பிள்ளையளுக்குப் பொய்யா சொல்லிக் குடுக்கிய? இனிமே ஒரு பொய் கெடையாது. வேதத்துல என்ன இருக்கோ அத மட்டும் சொல்லுங்க. வருசக் கடைசில மறைக்கல்விய ஒங்ககிட்ட விடலாமா வேண்டாமான்னு பெரிய சாமி முடிவு பண்ணுவாவ. நானே வந்து ஒக்காந்து பாக்கப் போறேன்.”

“வாங்க சிஸ்டர். குந்தறதுக்கு நாக்காலி போட்டு வெக்கறேன்.”

அந்த வெள்ளிக்கிழமை சிஸ்டர் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். டீச்சர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒப்புவிப்பது போலச் சொன்னார். “சீடர்கள் படகில் போனார்கள். காற்று பலமாக அடித்தது. இயேசு கடல்மீது நடந்து வந்தார்.”

“டூப்பு!” என்றது ஜன்னலோரம்.

“இல்லடா கண்ணு. இன்னிக்கு டூப்பே கெடையாது. எல்லாம் நெசம்.”

“இந்த டூப்பே கெடையாதுன்னு சொல்றீங்களே, அது டூப்பு!” என்றது நடுவரிசை.

“பேதுருவும் நடந்தாரா? அதும் டூப்பு!”

“காத்து நின்னுச்சா? டூப்பு டீச்சர்!”

“படகே டூப்பு!”

ஒரு டூப்பு இருந்தவரை மிச்சத்தையெல்லாம் நம்பிய பிள்ளைகள், ஒன்றுமே இல்லை என்றதும் ஒன்றையும் நம்பவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். காற்று, கடல், சீடர்கள், எல்லாவற்றையும் வரிசையாக மறுத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் ஒருவன், “மொதல்ல இயேசு…” என்று ஆரம்பித்தபோது சிஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். டீச்சரின் காதருகே போய், ரகசியம் என்று நினைத்துக்கொண்டு அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“டீச்சர், ஒண்ணே ஒண்ணு போட்டுருங்க. சின்னதா.”

டீச்சர் முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. கைகளைப் பின்னாலிருந்து அவிழ்த்தார்.

“செரி, மொதல்லருந்து. சீடருங்க படகுல போறாங்க. காத்துன்னா காத்து, அப்டி ஒரு காத்து. பேதுரு இன்ஜின ஸ்டார்ட் பண்றாரு…”

“டூப்பு டீச்சர்!” ராயபுரமே நிம்மதியாக மூச்சுவிட்டது போல இருந்தது. சிஸ்டர் தன் கையாலேயே வடை கொடுத்தார்.

ஆனால் கோயிலில் பறந்த சொல் அங்கேயே இறங்கவில்லை. காசிமேடு வரை போயிற்று. ஒரு மதியம் யாழினியின் அப்பா பள்ளி கேட்டுக்கு வந்தார். மடித்துக் கட்டிய லுங்கி, உப்பில் வெளுத்த முடி. அவருடைய மூத்த மகன், யாழினியின் அண்ணன், கடலுக்குப் போகமாட்டேன் என்று அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு திருப்பூருக்கு ஓடிப்போய்ச் சில மாதம் ஆகியிருந்தது. அதனால்தான் யாழினி அந்த ஊதாரி மகனை அத்தனை உற்றுப் பார்த்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

“இன்னா டீச்சர், ஏலம் வுடற எடத்துல ஒருத்தன் வுடாம கலாய்க்கறான். தொடப்பக்கட்ட, தொடப்பக்கட்டன்னு கூப்புடறானுங்க. எம்மானத்த வாங்கிட்டீங்களே.”

“நான் எங்க வாங்கனேன்? ஒம்பொண்ணு மைக்காண்ட நின்னு ஓசில குட்த்துச்சு.”

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். டீச்சர் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டார்.

“செரி நைனா, நெசமா சொல்லு. பையன் திரும்பி வந்தா இன்னா பண்ணுவ?”

“காலு ரெண்டயும் ஒட்ச்சிப் போட்ருவேன்.”

டீச்சர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வகுப்பில் பிள்ளைகள் தன்னைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு, கத்தாமல், மெதுவாகச் சொன்னார்.

“டூப்பு.”

அந்த மனிதர் கழுத்தைச் சொறிந்தார். லுங்கியை இறக்கிவிட்டு நடந்துபோனார்.

பொங்கல் விடுமுறை முடிந்த முதல் நாள், பிரார்த்தனை மணிக்கு முன்பே யாழினி டீச்சர் மேஜை முன்னால் நின்றாள். நான் பக்கத்தில் வண்ணக் குச்சிகளை எண்ணுவது போல் நடித்துக்கொண்டிருந்தேன்.

“டீச்சர், எங்கண்ணன் வந்துச்சு.”

“அப்பா இன்னா பண்ணாரு?”

“அடிக்கல. கட்டிலாம் புடிக்கல. மூஞ்சியே பாக்கல.” அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஆனா மறுநாளு அப்பா கடல்லருந்து வந்துச்சு பாரு, இம்மாம்பெரிய வஞ்சிரம் டீச்சர். ஏலத்துக்கே வுடல. வெல கேட்டவங்க கிட்டல்லாம் இல்லன்ட்டு வூட்டுக்கு இட்டாந்துச்சு. அம்மாவாண்ட குட்த்து, அவனுக்கு நடுத்துண்டு போடுன்னு சொல்லிட்டுத் தூங்கப் பூட்ச்சு.”

டீச்சர் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினார்.

“கட்டிப் புடிக்கல தான? அப்ப நான் கோயில்ல சொன்னது கரீட்டு தான? வடை குடு.”

டீச்சர் பையைத் திறந்து, இருந்த பொட்டலத்தை அப்படியே அவள் கையில் வைத்தார். பிறகு திரும்பி நின்று கரும்பலகையை அழிக்கத் தொடங்கினார். விடுமுறை முடிந்த முதல் நாள் காலை. பலகையில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

வருசக் கடைசியில் ஆணை வந்தது. எர்ணாவூரில் இருக்கும் கிளைப்பள்ளிக்கு மாற்றம். அங்கே ஐந்தாம் வகுப்புக் கணக்கு மட்டும். மறைக்கல்வி கிடையாது. சிஸ்டர் இரண்டு தடவை பெரிய சாமியாரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு தடவையும் மதியம் சாப்பிடவில்லை. பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் டூப்பு என்று கத்தியிருப்பார்கள்.

கடைசி நாள் சாயங்காலம் ராயபுரம் ஸ்டேஷன் வரை அவர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நல்ல வெயில் இறங்கி, துறைமுகத்துக் கிரேன்கள் ஒட்டகச்சிவிங்கிகள் மாதிரி ஆகாயத்தை மேய்ந்துகொண்டிருந்தன. அதில் எது அவர் வீட்டுக்காரருடையது என்று கேட்டேன். ஒன்றைக் காட்டினார். நான் நம்பினேன். வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் ஏறி, வாசல் கம்பியைப் பிடித்தபடி திரும்பி நின்றார். கண்ணோரம் ஏதோ மினுங்கியது. ஸ்டேஷனில் தூசியும் இருந்தது.

“வாத்யாரே, நீ ஒரு வடகூட ஜெயிக்கல. இதான் கடைசி சான்ஸு. மூணு விசயம் சொல்றேன், அதுல ஒண்ணு டூப்பு. எர்ணாவூர நானே தான் கேட்டு வாங்குனேன். எனக்குக் கணக்குன்னா உசுரு. போறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எது, சொல்லு. வண்டி எட்த்துரப் போறான்.”

எனக்கு ஒரு கணமும் யோசிக்கத் தேவைப்படவில்லை. “கடைசி டீச்சர்! வருத்தமில்லை என்கிறீர்களே, அதுதான் டூப்பு!”

வண்டி நகர்ந்தது. அவர் பைக்குள் கைவிட்டு ஒரு எலந்தவடையை எடுத்தார். என் பக்கம் நீட்டினார். நான் இரண்டு எட்டு ஓடிக் கையை நீட்டியதும், அதைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு, மென்றபடியே கத்தினார்:

“தப்பு வாத்யாரே! மூணும் மெய்யாலுமே நெசம். ஒண்ணு டூப்புன்னு சொன்னேன் பாரு, அதான் டூப்பு!”